மண் வெட்டியவர்: அப்பா

நகரத்துக்கு வெளியே லவாலில் மாமா வீட்டுப் பின்வளவுத் தோட்டத்தில் அன்று நின்றவர்கள் மூன்று பேர்: அப்பா, மாமா, கமராவோடு நான். அம்மா இல்லை. அவருக்குக் கோட்-டெ-நெய்ஜில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, சனிக்கிழமைகளில் பகல் முழுக்க. அவர் நின்றிருந்தால் மண் அள்ளுகிற சவளை அப்பாவின் கையிலிருந்து பிடுங்கி என் முதுகில் போட்டிருப்பார். அதற்காகவே சனிக்கிழமையைத் தெரிந்தெடுத்தேன். அப்பாவைப் பார்க்கிற டொக்ரரும் அங்கே இல்லை. அவரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. அப்பா எட்டாம் வகுப்போடு நின்றவர், அம்மா பத்தோடு. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். நான் யாரிடமும் கேட்கப் பழகியிருக்கவில்லை.

அதற்கு மூன்று மாதம் முன்பு, ஜூனில், ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் ஒரு மொத்த வியாபாரக் கிடங்கில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கும்போது அப்பாவின் முதுகு பிடித்துக்கொண்டது. எலும்புக்கிடையில் இருக்கிற தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது என்று ஸ்கானில் தெரிந்தது. குனியக்கூடாது, தூக்கக்கூடாது, அரை மணிக்கு மேல் உட்கார்ந்து இருக்கக்கூடாது என்று டொக்ரர் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தை வைத்துத்தான் வேலை விபத்து இழப்பீட்டு அலுவலகம் இரண்டு கிழமைக்கொரு தடவை, பதினாலாம் நாள் தவறாமல், காசு அனுப்பியது. வீட்டு வாடகை அதில்தான் போனது. அம்மாவின் சம்பளம் மற்றதெல்லாவற்றுக்கும்.

அப்படி இருக்க முடியாதவர் என்ன செய்வார்? படுத்திருந்தார். வரவேற்பறைக் கம்பளத்தில் மல்லாந்து, முழங்காலுக்குக் கீழே இரண்டு தலையணை, தலைக்கு ஒன்றுமில்லை. தொலைக்காட்சியைப் பக்கவாட்டில் பார்த்தபடி ஒரு கோடை முழுக்க அப்படியே கிடந்தார். பின்னேரங்களில் ஆங்கிலச் சானல் ஒன்று பிரித்தானியக் கால்வாய்களைப் பற்றிய விவரணப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் போடும். அப்பாவுக்கு ஆங்கிலம் பாதிதான் விளங்கும். ஆனால் தண்ணீர் விளங்கும், மண் விளங்கும், பாரம் விளங்கும். நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன், சொல்லிக் கொடுப்பதற்காக என்று நினைத்துக்கொண்டு.

நான்கைந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது, எல்லாம் ஒரே படம். சிவப்போ மஞ்சளோ மழைக்கோட்டுப் போட்ட ஒருவர் ஒடுங்கிய படகொன்றை ஓட்டிக்கொண்டு வருவார். முன்பு நாடகத்திலோ சிரிப்பூட்டும் பகிடி நிகழ்ச்சியிலோ இருந்தவர் என்று முகத்திலேயே எழுதியிருக்கும். கையில் தேத்தண்ணிக் கோப்பை. படகைக் கரையில் இடித்துவிட்டு அவரே சிரிப்பார். பிறகு வானத்திலிருந்து எடுத்த காட்சி, பள்ளத்தாக்குக்கு மேலே பாலத்தில் போகிற தண்ணீர். பிறகு வரைபடம், அதில் நீலக்கோடு ஒன்று தானாக ஊர்ந்துபோய் நிலக்கரிச் சுரங்கத்தையும் நகரத்தையும் இணைக்கும். சுரங்கத்துக்குச் சொந்தக்காரப் பிரபு ஒருவர் வருவார். அவருக்கு வேலை செய்த பொறியியலாளர் வருவார். அவரின் ஓவியத்தின் கண்களை நோக்கிக் கமரா மெல்ல மெல்லப் போகும், கோயிலில் மூலஸ்தானத்தை நோக்கிப் போவதுபோல. மேதை என்பார்கள். மேதை சேற்றில் கால் வைத்ததாக எந்தப் படத்திலும் நான் காணவில்லை.

அதன் பிறகுதான் வெட்டியவர்கள். ஒரே ஒரு வசனம்: ஆயிரக்கணக்கான ஆட்கள் சவளாலும் தள்ளுவண்டியாலும் இதை வெட்டினார்கள். வயலின் சத்தம் கேட்கும். புகைக்குள் நிழலாக நாலு பேர் குனிந்து நிமிர்வார்கள். ஒரு கை, ஒரு காலின் சப்பாத்து. அடுத்த காட்சியில் கால்வாய் நிறையத் தண்ணீர்.

"அவன்ர சப்பாத்தைப் பார்," என்பார் அப்பா தரையிலிருந்து. "கடையால நேரா வந்தது."

இன்னொரு நாள், "வெட்டின மண்ணெல்லாம் எங்க போச்சுது?" என்று கேட்டார். "வெட்டுறது பெரிய வேலையில்லை. அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டுறதுதான் ஆளைக் கொல்லுறது. அதைக் காட்டுறானே இல்லை." பார்த்த எல்லாப் படங்களையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். உண்மைதான், மண் எங்கே போனது என்று ஒருவரும் சொல்லவில்லை. கால்வாயின் அடியில் தண்ணீர் இறங்காமல் இருக்க நனைந்த களிமண்ணை நாள் கணக்கில் காலால் மிதித்தார்கள் என்பதைச் சொன்ன படத்திலும், மிதித்துக் காட்டியது மழைக்கோட்டு மனிதர்தான். மூன்று மிதி. "ஐயோ, என் சப்பாத்து!" என்று சிரிப்பு.

பிற்பாதி இன்னும் மோசம். ரோசாப்பூ வரைந்த தேத்தண்ணிக் கேத்தல்கள். ஆறு பிள்ளைகள் வளர்ந்த, எங்கள் குளியலறையளவு படகறை, அதைப் பார்த்து "எவ்வளவு கதகதப்பு!" என்பார்கள். பள்ளிக்கூடம் போகாமல் குதிரை பிடித்த பிள்ளைகளைப் பற்றி, "எவ்வளவு சுதந்திரம்!" பஞ்சுப் பொதியும் சீனி மூட்டையும் படகில் போகும், அந்தப் பஞ்சைப் பறித்தது யார், கரும்பை வெட்டியது யார் என்ற பேச்சே வராது, துறைமுகத்திலேயே முளைத்த சரக்குப்போல. பிறகு ரயில் வரும், கால்வாய் பாழாகும், சேற்றில் ஒரு சுப்பர்மார்க்கெற் வண்டில் கவிழ்ந்து கிடக்கும். ஓய்வுபெற்ற நல்ல மனிதர்கள் சேர்ந்து அதை மீட்பார்கள். அவர்களுக்கு மட்டும் முகம், பெயர், பேட்டி எல்லாம் உண்டு. கடைசியில் அன்னம், மதுச்சாலை, மாலை வெயில்.

மலைக்கடியில் போகிற சுரங்க வழிக்குள், படகை இழுக்கிற குதிரை போக முடியாது. அதனால் ஆட்கள் படகின்மேல் மல்லாந்து படுத்து, சுவரைக் காலால் உதைத்து உதைத்துப் படகை நகர்த்துவார்கள். மழைக்கோட்டு மனிதர் அதையும் செய்து பார்ப்பார். இரண்டு நிமிடம். எழும்பி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

"நானும் மூண்டு மாசமா இப்பிடித்தான் கிடக்கிறன்," என்றார் அப்பா. "என்னை ஆர் படம் எடுக்கினம்?"

பகிடிக்குச் சொன்னார். எனக்கு அது உத்தரவுபோலக் கேட்டது.

அந்தத் தவணை பல்கலைக்கழகத்தில் விவரணப் படங்களைப் பற்றிய வகுப்பு ஒன்று எடுத்திருந்தேன். எட்டு நிமிடத்தில் ஒரு படம் செய்து கொடுக்க வேண்டும். கால்வாயை வெட்டியவர்களைத் தொலைக்காட்சி எப்படிக் காட்டாமல் விடுகிறது என்பதைச் செய்யப்போகிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். நடிகர்கள் வேண்டாம், உண்மையான உழைப்பாளியின் உடலைக் காட்டுவேன் என்றும் பிரெஞ்சில் எழுதியிருந்தேன். பேராசிரியர் அந்த வரியின் கீழே இரண்டு கோடு போட்டு, பக்கத்தில் "அருமை" என்று எழுதித் தந்தார். உடல் எங்கள் வீட்டுக் கம்பளத்தில் கிடந்தது.

"அப்பா, ஒரு அரை நிமிசம் மண் வெட்டேலுமோ?"

"வெட்டுற மாதிரியோ, வெட்டுறதோ?"

"வெட்டுறது. இல்லாட்டி இவங்கட படம் மாதிரித்தான் வரும்."

"முதுகு?"

"ரெண்டு சவள் மண் போதும். நோவுக் குளிசை போட்டிட்டு வாங்கோ."

தலையணையை முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார். "யூனிவேர்சிற்றில என்னைக் காட்டுவியோ?"

"ஓம்."

"அப்ப சேவ் எடுக்கோணும்."

"வேண்டாம். தாடியோட இருங்கோ. அதுதான் வடிவு."

அப்படித்தான் லவாலுக்குப் போனோம். மாமா அம்மாவின் தம்பி. அவருக்கும் அப்பாவுக்கும் இடையில் அத்தான் மச்சான் பகிடி ஓயாது. அக்காவைக் கட்டினவரைப் பிய்த்தெடுப்பது மச்சானின் உரிமை. அதற்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுக்காவிட்டால் அத்தானுக்கு மதிப்பில்லை. செத்தவீட்டிலும் நிற்காது அது. எங்களுக்கு அது குளிர்சாதனப் பெட்டியின் இரைச்சல் மாதிரி. வீட்டில் எப்போதும் இருக்கும், ஒருவருக்கும் கேட்காது.

மாமா வேலியோரம் ஒரு இடத்தைக் காட்டினார். "இதில வெட்டுங்கோ அத்தான். மழைத்தண்ணி நிண்டு புல்லெல்லாம் அழுகுது. உங்களுக்குப் படமும் ஆச்சு, எனக்கு வாய்க்காலும் ஆச்சு."

"கூலி ஆர் தாறது?"

"உங்கட முதலாளி தாறார்தானே, படுக்கிறதுக்கு."

முதல் தடவை எடுக்கும்போது வெயில் முகிலுக்குள் போய்விட்டது. இரண்டாவது தடவை அப்பாவின் மேற்சட்டையில் ஒரு கம்பெனிப் பெயர் தெரிந்தது. பதினெட்டாம் நூற்றாண்டுக்கு ஒத்துவராது என்று கழற்றச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் அப்பா புல்லில் படுத்துவிட்டார். கமரா முக்காலியில் நின்று ஓடிக்கொண்டுதான் இருந்தது, நிறுத்த மறந்துவிட்டேன். அவரும் மாமாவும் ஏதோ கதைத்துச் சிரித்தார்கள். நான் வெயில் எப்போது வரும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தடவை சரிவந்தது. காலைச் சவளின் அலகின்மேல் வைத்து உடம்பின் பாரத்தை இறக்கினார், மண்ணைப் பெயர்த்தார், தூக்கித் தோளுக்கு மேலால் எறிந்தார். இருபது வருடம் பாரம் தூக்கிய தோள்கள். பதினொரு விநாடி. அழகாயிருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். பன்னிரண்டாவது விநாடியில் முழங்காலில் விழுந்தார். நானும் மாமாவும் அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக் காரின் பின்சீற்றில் கிடத்தினோம். மெற்றோவில் நெடுநேரம் நின்றதால் நோவு கூடிவிட்டது என்று அம்மாவிடம் நான் சொன்னேன். அப்பா ஆமோதித்தார்.

படத்தைக் கோக்கும்போது முதலில் ஒலியை அணைத்தேன். என் குரலைத்தானே போடப்போகிறேன், அவர்களின் சத்தம் எதற்கு? புல்லில் கிடந்ததை வெட்டினேன். விழுந்ததை வெட்டினேன், அது இரக்கம் கேட்பதுபோல இருந்தது. பதினொரு விநாடியை மெதுவாக்கி இருபத்திரண்டாக்கினேன். அதன்மேல் என் பிரெஞ்சு: "இந்த மனிதர்களின் குரலை நாம் ஒருபோதும் கேட்டதில்லை." கடைசியில், தொலைக்காட்சிக்காரர்கள் வானத்துக் கமராவை ஓட்டியவரின் பெயரைக்கூடப் போடுகிறார்கள், வெட்டியவரின் பெயரைப் போடுவதில்லை என்பதற்காக, கறுப்புத் திரையில் தனியாக "மண் வெட்டியவர்" என்று எழுதி அப்பாவின் முழுப்பெயரைப் போட்டேன். தமிழிலும் பிரெஞ்சிலும். கீழே படம் எடுத்த மாதமும் வருடமும்.

டிசம்பரில் வகுப்பில் காட்டினார்கள். அப்பா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். இருக்க முடியாததால் பின்சுவரில் சாய்ந்து நின்றார். கை தட்டினார்கள். பேராசிரியர் வந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா கேட்டார்:

"நான் வாற இடத்தில என்ன சொன்னனி?"

"உங்கட குரலை ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு."

"நீ கேட்டியோ?"

சிரித்தார். நானும் சிரித்தேன். அன்றே படத்தை இணையத்தில் ஏற்றினேன்.

ஆறு கிழமை கழித்து வந்தது கடிதம். கிடங்கின் காப்புறுதிக்காரருக்காக விசாரித்த யாரோ அப்பாவின் பெயரைத் தேடியிருக்கிறார். எங்கள் ஊர்ப் பெயர், நீளம், இந்த நகரத்தில் இன்னொருவருக்குக் கிடையாது. முதலில் வந்தது என் படம். குனியக்கூடாத மனிதர் குனிந்து வெட்டித் தூக்கி எறிகிறார், மெதுவாக, நல்ல வெளிச்சத்தில், மாதம் வருடத்தோடு. அந்தக் கிழமையே காசு நின்றது.

அம்மா படத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தார். முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னார். திரும்பப் போட்டேன். பிறகு என்னைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போனபடி சொன்னார்: "மற்றச் சனத்தின்ர பிள்ளையள் படிச்சு வீடு வாங்குதுகள். இது படிச்சு தேப்பனை வித்துப்போட்டுது." அன்றிலிருந்து பல மாதம் என்னை "இது" என்றுதான் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களிடம் அப்பா என்னைக் காட்டி, "இவர்தான் என்ர டைரக்டர்," என்பார். எவர் வந்தாலும் சொல்வார். தேத்தண்ணி கொடுக்கும்போது சொல்வார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எங்கள் வழக்கை எடுத்த சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். இரண்டில் ஒன்று நடக்கும். முதுகு தேறிவிட்டது என்று முடிவானால் இனிமேல் காசு வராது, அவ்வளவுதான். தெரிந்தே ஏமாற்றினார் என்று முடிவானால் ஜூனிலிருந்து வந்ததெல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும். அப்பா ஏமாற்றவில்லை என்று காட்டினால் போதும்.

"என்னிடம் முழுப் பதிவும் இருக்கிறது," என்றேன். "புல்லில் கிடக்கிறார். விழுகிறார். நாற்பது நிமிடம், ஒன்றும் வெட்டாதது."

"அதில் பேச்சு உண்டா?"

"குடும்பப் பேச்சு. ஒன்றுமில்லை."

"கேட்டுப் பார்த்தீர்களா?"

"எனக்குத் தெரியும்," என்றேன்.

மெற்றோவில் வைத்து ஒலியில்லாமல் ஒருமுறை பார்த்தேன். அப்பாவின் முகம் கோணிப்போய் இருந்தது. அதைவிடச் சாட்சி எதற்கு? தொலைக்காட்சி விவரணப் படங்கள் உழைக்கும் உடலை வெட்டி ஒட்டி எப்படிப் பொய்யாக்குகின்றன என்று மூன்று பக்கத்தில் ஒரு விளக்கமும் எழுதி, அடிக்குறிப்புகளோடு, பதிவுடன் சேர்த்துக் கொடுத்தேன்.

விசாரணை அக்டோபரில். மொழிபெயர்க்க வந்தவர் சென்னைப் பெண், நாற்பது வயதிருக்கும், நேர்த்தியானவர். பதிவை ஒலியோடு போட்டார்கள். அப்பா புல்லில் கிடக்கிறார். முனகுகிறார். மாமாவைத் திரையில் காணவில்லை, குரல் மட்டும்.

"நல்லா முனகுறியள் அத்தான். டொக்ரரிட்டயும் இந்த முனகல்தானோ?"

"பின்ன? அங்க இதைவிடக் கூட. அந்த மனிசனுக்குக் கண் கலங்கிப்போச்சுது."

"படுத்த இடத்துக்குக் காசு வருது. அந்த நடிப்பை எனக்கும் பழக்கிவிடுங்கோவன்."

"உனக்கு ஏலாது. உன்ர மூஞ்சியை ஒருத்தனும் நம்பான்."

அந்தப் பெண் ஒவ்வொரு வரியாக நிறுத்தி, ஒரு குறையும் இல்லாமல் பிரெஞ்சில் சொன்னார். பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. திரையிலிருந்து என்றுதான் நினைத்தேன். இல்லை, அப்பா. மூஞ்சி பற்றிய தன் பதிலை ஒரு வருடத்துக்குப் பிறகு கேட்டதும் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. விசாரணை அதிகாரி ஏதோ எழுதினார்.

கிடங்கின் சட்டத்தரணி எழும்பிக் கேள்வி கேட்டார். மொழிபெயர்ப்பாளர் அப்பாவிடம் திரும்பினார். "ஐயா, இது நீங்க சொன்னதுதானே?"

"ஓம், நான்தான். பகிடிக்கு."

"வலி இருந்துச்சா அப்போ?"

"உயிர் போச்சுது."

"அப்போ ஏன் வலிக்குதுன்னு சொல்லலைன்னு கேக்கறாங்க."

அப்பாவுக்குக் கேள்வியே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மச்சான் கேட்டா நோகுது எண்டோ சொல்றது?" என்றார். "பேந்து அவன் ஊரெல்லாம் சொல்லித் திரிவான்."

"அப்போ, கேக்கற ஆளைப் பொறுத்து உங்க உடம்பைப் பத்தி வேற வேற மாதிரி சொல்வீங்களான்னு கேக்கறாங்க."

"ஓம்," என்றார் அப்பா. "எல்லாரும் அப்பிடித்தானே."

வெளியே நடைபாதையில் அந்தப் பெண்ணை மறித்தேன். அத்தான் மச்சான் உறவு என்றால் என்னவென்று அவர்களுக்கு ஒரு வசனமாவது சொல்லியிருக்கலாமே என்றேன். என் குரல் உயர்ந்திருந்தது.

"உள்ள இருக்கறதைத்தாம்பா நான் சொல்ல முடியும்," என்றார் அவர். "வெளக்கம் மூணு பக்கம் நீங்களே எழுதிக் குடுத்திருந்தீங்களே. அதுல இதைப் பத்தி ஒரு வரி இல்லையே."

அப்பா சுவரோடு சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "அந்தப் பிள்ளையை விடு," என்றார். "அது சொன்னதில ஒரு பிழையும் இல்லை. இவ்வளவு வருசத்தில நான் சொன்னதை அப்பிடியே சொன்ன முதல் ஆள்."

மாமாவுக்கு நானே தொலைபேசியில் சொன்னேன். "கமராவை ஆர் கொண்டுவந்தது?" என்றார். வைத்துவிட்டார். அதன் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அப்பாவைச் சீண்ட ஒருவரும் இல்லாமல் போனது.

தீர்ப்பு தபாலில் வந்தது. பிரெஞ்சிலிருந்து தமிழுக்கு வரி வரியாக நான்தான் வாசித்துச் சொல்ல வேண்டியிருந்தது, அப்பா கம்பளத்தில், அம்மா வாசல்படியில் நிற்க. டொக்ரரை ஏமாற்றியதை விண்ணப்பதாரர் தன் வாயாலேயே ஒப்புக்கொண்டிருக்கிறார். அதை நிரூபிக்கும் பதிவை அவருடைய தரப்பே சமர்ப்பித்திருக்கிறது. விசாரணையின்போது அதைக் கேட்டு அவர் சிரித்தார். ஆகவே வாங்கிய காசெல்லாவற்றையும் திருப்பிக் கட்ட வேண்டும். என் படம் மட்டும் இருந்திருந்தால் காசு நிறுத்தப்பட்டதோடு முடிந்திருக்கலாம் என்று எங்கள் சட்டத்தரணி பின்னர் சொன்னார். அந்த வரியை மட்டும் நான் வீட்டில் மொழிபெயர்க்கவில்லை.

அம்மா ஆஸ்பத்திரியில் ஞாயிறும் எடுத்தார். நான் படிப்பை நிறுத்தி, அப்பா மூட்டை இறக்கிய தெருவிலேயே வேறொரு கிடங்கில் சேர்ந்தேன். திருப்பிக் கட்டியது பத்தொன்பதாயிரத்து இருநூற்று நாற்பது. சட்டத்தரணிக்கும் டொக்ரரின் அறிக்கைக்கும் ஒன்பதாயிரம். மொத்தம் இருபத்தெட்டாயிரத்து இருநூற்று நாற்பது டொலர்.